கையுறையும் குளிர்ப்பெட்டியும்

கோத்தகிரி கடைத்தெருவில் ஹனீபா பாயின் கம்பளிக் கடை இருந்த காலத்தில், அந்தக் கடையின் கண்ணாடி அலமாரியில் மூன்று ஜோடிக் கையுறைகள் அருகருகே குடியிருந்தன.

முதல் ஜோடி தோல். கறுப்பாக, வழுவழுப்பாக, அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். இரண்டாவது ஜோடிக்குள் மெல்லிய கம்பி ஓடியது. மணிக்கட்டுப் பக்கம் ஒரு பேட்டரி. பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிந்து உள்ளே சூடேறும். மூன்றாவது தடித்த கம்பளியில் பின்னிய ஜோடி. அதற்கு விரல்கள் கிடையாது. கட்டைவிரலுக்கு ஒரு சின்ன அறை, மற்ற நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஒரே பெரிய அறை. தூரத்திலிருந்து பார்த்தால் கை என்று தோன்றாது, பை என்றுதான் தோன்றும்.

"கையுறை என்றால் கையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்" என்றது தோல். "உள்ளே ஒரு நூல் இடம்கூட விடமாட்டேன். குளிர் எப்படி நுழையும்?"

"ஒட்டிக்கொண்டால் ஆயிற்றா?" என்றது பேட்டரி. "சூடு வேண்டாமா? இந்த அலமாரியிலேயே சூட்டை உண்டாக்கத் தெரிந்தது நான் ஒன்றுதான்."

கம்பளி வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தது. "கை என்பது எப்படி இருக்கும்?" என்று கேட்டது. அதை இதுவரை யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

"கை கையாகத்தான் இருக்கும். இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?" என்றது தோல்.

மார்கழி பிறந்து புல்லில் உறைபனி விழத் தொடங்கியதும் ஒரு காலை நேரம் இரண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். ஒருத்தி தமயந்தி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். தேயிலை எஸ்டேட்டுகளில் வீடு வீடாக ஏறி இறங்கிக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது அவள் வேலை. இன்னொருத்தி அவளுடைய நாத்தனார் சுகந்தி.

"பாய், அண்ணி கைய நீங்களே பாருங்க" என்றாள் சுகந்தி. "குளிர் பட்டா இப்படி ஆயிடுது."

தமயந்தி தன் வலது கையைக் கண்ணாடி மேல் வைத்தாள். மூன்று கையுறைகளும் எட்டிப் பார்த்தன. உள்ளங்கை எல்லோருக்கும் இருப்பது போலத்தான் இருந்தது. விரல்கள் மட்டும் இரண்டாவது கணுவிலிருந்து நுனி வரை மெழுகுவத்தி போல வெளுத்திருந்தன. ஆட்காட்டி விரலின் நுனியில் ஒரு சின்னப் புண்.

"விரலுக்கு ரத்தம் போற சின்னக் குழாய் எல்லாம் குளிரக் கண்டா இறுக மூடிக்குதாம்" என்றாள் தமயந்தி. "இந்தப் புண்ணு ரெண்டு மாசமா ஆறல. நுனி கறுத்துட்டா வெட்டி எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொல்லிட்டார். கைய எப்பவும் சூடா வச்சுக்கணுமாம்."

அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது அந்த விரலை மற்ற விரல்களுக்குள் மறைத்துக்கொண்டாள்.

சுகந்திக்குத் தோல் ஜோடியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஹனீபா பாய் அதை எடுத்துக் கொடுத்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, இழுத்து, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டார்கள்.

"அளவு கச்சிதம்" என்றார் பாய். "சரியில்லன்னா கொண்டாங்க, மாத்திக்கலாம்."

தோல் ஜோடி அலமாரியில் இருந்த மற்ற இரண்டையும் திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

மறு வாரமே தமயந்தியும் சுகந்தியும் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வழுவழுப்பு அப்படியே இருந்தது. ஆனால் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல ஒடுங்கிப் போயிருந்தது.

"என்ன நடந்தது?" என்றது கம்பளி.

"நான் ஒரு நூல் இடம்கூட விடவில்லை" என்றது தோல். "அதுதான் தப்பாகப் போயிற்று. இறுக்க இறுக்க விரல்கள் இன்னும் வெளுத்தன. கொஞ்சநஞ்சம் வந்துகொண்டிருந்த ரத்தத்தையும் நானே நெரித்துவிட்டேன் போலிருக்கிறது. ஒவ்வொரு விரலும் தன் அறைக்குள் தனியாக விறைத்துக் கிடந்தது. மலை மேல் ஒரு எஸ்டேட் வீடு. ஒன்பது மாதக் குழந்தைக்கு அம்மைத் தடுப்பூசி போட வேண்டும். என்னைக் கழற்றவே அவள் பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. கழற்றிவிட்டு மருந்துக் குப்பியை எடுத்தாள். விரலுக்கு அது கையில் இருப்பதே தெரியவில்லை. நழுவி விழுந்து உடைந்துவிட்டது. அன்றைக்கு அவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு குப்பிதான்."

"அவள் என்ன செய்தாள்?"

"குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். ஒரு துண்டு விரலில் கீறியது. அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டுப் பெண்தான் பார்த்துச் சொன்னாள்."

கம்பளி அந்தக் கீறலை நினைத்துப் பார்த்தது. பிறகு, "ரத்தம் அந்த நேரத்தில் எங்கே போயிருந்தது?" என்று கேட்டது.

"அதை நான் கேட்கவில்லை" என்றது தோல்.

இதற்குள் அந்தப் பக்கம் சுகந்தி பேட்டரி ஜோடியைக் கையில் எடுத்திருந்தாள். "அண்ணி, இதுதான் சரி. உள்ளயே சூடு வருது. குளிரு என்ன பண்ணும்?"

தமயந்தி ஒன்றைப் போட்டுக்கொண்டாள். ஹனீபா பாய் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பேட்டரி கையுறை தன் பலத்தையெல்லாம் கூட்டிச் சூடேறியது.

"எப்படி இருக்கு?" என்றாள் சுகந்தி.

"ஒண்ணும் தெரியலயே."

பாய் இன்னொரு முறை அழுத்தினார். "இப்ப?"

"லேசா இருக்கிற மாதிரி இருக்கு. சரியாத் தெரியல."

சுகந்தி அதை வாங்கித் தன் கையை உள்ளே விட்டாள். விட்ட வேகத்தில் வெளியே இழுத்துக்கொண்டாள். "கொதிக்குது அண்ணி" என்றாள். அவள் முகம் மாறிவிட்டது. "இது கூடவா உங்களுக்குத் தெரியல?"

தமயந்தி தன் விரல்களைப் பார்த்தாள். நுனிகள் மட்டும் சிவந்திருந்தன. நர்ஸ் ஆனதால் அது என்ன சிவப்பு என்று அவளுக்குப் புரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கொப்பளித்திருக்கும். ஏற்கெனவே ஒரு புண்ணே ஆறாத விரல்.

"எனக்குச் சுடுறதே தெரியலன்னா இது எனக்கு ஆகாது" என்று அவள் மெதுவாகக் கழற்றி வைத்தாள்.

பேட்டரி ஜோடி சிவப்பு விளக்கு அணைந்த பிறகும் நெடுநேரம் குழம்பிப் போயிருந்தது. சூட்டைக் கொடுத்தால் போதும், வாங்கிக்கொள்கிற கை தானாகச் சொல்லும் என்றே அது எப்போதும் நினைத்திருந்தது.

மிச்சம் இருந்தது கம்பளி. "குழந்தைக்குப் போடற மாதிரி இருக்கே" என்றாள் சுகந்தி. தமயந்தி கையை உள்ளே விட்டாள். அது தடையில்லாமல் போயிற்று. ஒரு உதறு உதறினால் கழன்றும் விட்டது. ஊசி போடும்போது சட்டென்று கழற்றலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தோல் ஜோடியைக் கொடுத்துவிட்டுக் கம்பளி ஜோடியை வாங்கிக்கொண்டாள்.

கம்பளிக்குக் கை என்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. நான்கு விரல்கள் ஒரே அறைக்குள் வந்து ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டன.

"நீயா பக்கத்தில்?" என்றது மோதிர விரல் நடுவிரலிடம். "போன வாரம் நமக்கு நடுவே சுவர் இருந்ததே."

"இங்கே சுவர் இல்லை" என்றது கம்பளி. "கட்டைவிரலுக்கு மட்டும்தான் தனி அறை. எதையாவது பிடிக்க வேண்டும் என்றால் அது வெளியே நிற்க வேண்டுமே."

"எனக்குப் பழக்கம்தான்" என்றது கட்டைவிரல் சுவருக்கு அப்பாலிருந்து.

அடுத்த புதன்கிழமை தடுப்பூசி நாள். தமயந்தி வழக்கம் போல அரக்கப்பரக்கக் கிளம்பினாள். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஏற்றத்தில் வேர்க்கும் என்று ஸ்வெட்டரைச் சுகாதார நிலையத்திலேயே கழற்றி மாட்டினாள். மருந்துக் குப்பிகளுக்கான குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டிப் பொட்டலங்களை வெறும் கையால் எடுத்து அடுக்கினாள். விரல்கள் அங்கேயே வெளுத்துவிட்டன. அதற்குப் பிறகுதான் கம்பளியை எடுத்துப் போட்டாள். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு எஸ்டேட் பாதையில் ஏறத் தொடங்கினாள்.

கம்பளி காற்றை வெளியே நிறுத்தியது. உறைபனியை வெளியே நிறுத்தியது. தன்னால் ஆனதையெல்லாம் செய்தது. ஆனாலும் உள்ளே நான்கு விரல்களும் நான்கு பனிக்குச்சிகள் போலத்தான் கிடந்தன.

"இன்னும் சூடாகவில்லையா?" என்று அது கேட்டது.

"எங்கிருந்து ஆகும்?" என்றது ஆட்காட்டி விரல். "எங்கள் நாலு பேரிடமும் இருப்பது குளிர்தான். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து அதைத்தான் பகிர்ந்துகொள்கிறோம்."

கம்பளிக்கு அவமானமாக இருந்தது. தோலைப் போல அது இறுக்கவில்லை. பேட்டரியைப் போலச் சுடவில்லை. ஆனாலும் விரல் வெளுத்துத்தான் இருந்தது. பக்கத்தில் தோளோடு இடித்துக்கொண்டு வந்த குளிர்ப்பெட்டியைப் பார்த்ததும் அதற்குக் கோபம் வந்தது.

"எல்லாம் உன்னால்தான்" என்றது. "வயிறு நிறையக் குளிரை வைத்துக்கொண்டு இவள் கூடவே அலைகிறாய். உன்னைத் தொட்டுத்தான் இந்த விரல்கள் இப்படி ஆயின."

பெட்டி நிதானமானது. "என்னிடம் குளிர் கிடையாது" என்றது.

"மூடிக்கு உள்ளே என்ன இருக்கிறது?"

"இவள் காலையில் வைத்த பனிக்கட்டி. வைத்ததைக் காக்கிறேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வேலை. ஒரு நாள் இவள் என்னைக் கழுவி, உள்ளே சுடுசோற்றுப் பாத்திரத்தை வைத்து மருத்துவமனையில் கிடந்த யாருக்கோ கொண்டுபோனாள். அன்றைக்கு மத்தியானம் வரை நான் சூட்டைக் காத்தேன்."

கம்பளி திகைத்துப் போயிற்று. "குளிரையும் சூட்டையும் ஒரே மாதிரியா?"

"எனக்கு என்ன வித்தியாசம்? என் சுவருக்குள் இருக்கிற காற்று அசையாமல் நிற்கும். உள்ளே இருப்பது வெளியே போகாது, வெளியே இருப்பது உள்ளே வராது. உன்னுடைய இழைகளுக்கு நடுவிலும் காற்றுதானே நிற்கிறது?"

"ஆமாம்."

"அப்படியானால் நீயும் நானும் ஒரே சாதி. உன்னிடம் இன்றைக்கு இவள் என்ன கொடுத்தாள் என்று யோசித்துப் பார்."

கம்பளி யோசித்தது. பனிக்கட்டியைத் தொட்டு வெளுத்த விரல்களைக் கொடுத்திருந்தாள். அது அவற்றைப் பத்திரமாக, ஒரு குறையும் இல்லாமல், காத்துக்கொண்டு வந்திருந்தது.

"அப்படியென்றால் சூடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டது.

"அது எனக்குத் தெரியாது. விரலைக் கேட்டுப் பார்" என்றது பெட்டி.

விரல்களுக்கும் தெரியவில்லை. "ரத்தம் வரும்போது கூடவே வரும்" என்றது ஆட்காட்டி விரல். "அது போய் நேரமாயிற்று. எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை."

அதற்குள் மேட்டில் வரிசையாக நின்ற எஸ்டேட் வீடுகள் வந்துவிட்டன. ஏற்றத்தில் வேர்த்திருந்த தமயந்தியின் ரவிக்கை மேட்டுக் காற்றில் முதுகோடு சில்லென்று ஒட்டிக்கொண்டது. அவள் போன வாரம் குப்பி உடைந்த வீட்டின் முன் நின்றாள். அந்த வீட்டுப் பெண் பவளக்கொடி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஊசி போட்டுடலாம்மா. இன்னைக்கு மருந்து இருக்கு" என்றாள் தமயந்தி. சொல்லிக்கொண்டே கையுறையைக் கழற்றினாள்.

பவளக்கொடி ஓரடி பின்னால் போனாள். அவள் பார்வை தமயந்தியின் விரல்களில் நின்றது. "கோவிச்சுக்காதீங்க நர்ஸம்மா. அன்னைக்குக் கீழ விழுந்தது. இன்னைக்குப் பிள்ளை கையில ஊசி இருக்கறப்ப நழுவினா என்ன பண்ணுறது?"

அவள் கேட்டதில் தப்பில்லை. இதையேதான் பாதை முழுக்கத் தமயந்தியும் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாள். இப்படியே திரும்பிப் போய், டாக்டரிடம் தனக்கு மேசை வேலை கொடுக்கச் சொல்லிவிடலாமா என்று அவள் நினைத்தாள். குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் நர்ஸம்மா விரல் இப்படி வெளுத்திருக்கு?" என்று பவளக்கொடி கேட்டாள். பயந்து கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

தமயந்தி சொன்னாள். குழாய் மூடிக்கொள்வதை, புண் ஆறாததை, டாக்டர் சொன்னதை. சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல், மூன்று கையுறை பார்த்த கதையையும் சொன்னாள்.

பவளக்கொடி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு எட்டி, தமயந்தியின் தோளையும் முதுகையும் தொட்டுப் பார்த்தாள். "விரல் கிடக்கட்டும். முதுகே ஐஸா இருக்கே. ஸ்வெட்டர் எங்க?"

"ஏறும்போது வேர்க்கும்னு கழட்டி வச்சிட்டு வந்தேன்."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

ஒன்றுமில்லை என்று தமயந்தி தலையசைத்தாள். பிள்ளை பெற்றவர்களிடம் வீடு வீடாக அவள் கேட்கிற கேள்வி அது.

"உள்ள வாங்க" என்றாள் பவளக்கொடி.

"நேரமாகுது. இன்னும் எட்டு வீடு இருக்கு."

"இந்த வீடு முடிஞ்சாத்தானே அந்த வீடு. வாங்க."

தமயந்தி ஒரு வீட்டிலும் உட்கார்ந்ததில்லை. தேநீர் குடிக்கச் சொன்னால், இருக்கட்டும்மா என்று சிரித்துவிட்டு நடந்துவிடுவாள். இன்று அவளுக்கு அப்படிச் சொல்லக்கூடத் தெம்பில்லை. உள்ளே போய் விறகடுப்புக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தாள். பவளக்கொடி தன் கம்பளிச் சால்வையை எடுத்து அவள் நெஞ்சையும் முதுகையும் சுற்றிக் கட்டினாள். பால் ஊற்றாத தேநீரைச் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தாள். "தேத்தண்ணிய ஊதி ஊதிக் குடிங்க" என்றாள். நேற்றைய ரொட்டி ஒன்றையும் தட்டில் வைத்தாள்.

தமயந்தி விரல்களை நெருப்பில் காட்டப் போனாள். தானே நிறுத்திக்கொண்டாள். சுடுவது தெரியாத கையை நெருப்பில் காட்டக் கூடாது. இரண்டு கைகளையும் கம்பளிக்குள் விட்டுச் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

கம்பளி காத்திருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஏதோ தயங்கித் தயங்கி வருவது தெரிந்தது.

"யார்?" என்றது கம்பளி.

"நான்தான், ரத்தம்."

"எங்கே போயிருந்தாய்? எல்லோரும் உன்னைத்தான் தேடுகிறார்கள்."

"நெஞ்சுக்குப் போயிருந்தேன்" என்றது ரத்தம். "அங்கே குளிர்ந்துகொண்டிருந்தது. வயிறும் காலி. இருந்த சூட்டையெல்லாம் நடுவே திரட்டிக் காக்க வேண்டியிருந்தது. விரல்களைக் கைவிட எனக்கு ஆசையா? நடு வீட்டில் அடுப்பு அணையப் போகிறபோது வெளி அறைக்கு எதை எடுத்து வருவேன்?"

"இப்போது?"

"இப்போது உள்ளே சூடாக இருக்கிறது. இனி கொஞ்சம் வெளியே கொடுக்கலாம் என்று நெஞ்சு அனுப்பியது."

அது விரல்களுக்குள் இறங்கியது. முதலில் ஊதாவாக, பிறகு சிவப்பாக. தமயந்தி பல்லைக் கடித்துக்கொண்டாள். உயிர் வருகிறபோது ஊசி ஊசியாகக் குத்தும். அந்தக் குத்தல் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நெடுநாளைக்குப் பிறகு நுனி வரை தெரிந்தது.

கம்பளி தன் வேலையைத் தொடங்கியது. வந்த சூட்டில் ஒரு துளியையும் அது வெளியே விடவில்லை.

குழந்தையை மடியில் வைத்துப் பவளக்கொடி உட்கார்ந்தாள். தமயந்தி கையை ஒரு உதறு உதறினாள். கம்பளி ஜோடி கழன்று தரையில் குளிர்ப்பெட்டியின் பக்கத்தில் விழுந்தது. அவள் குப்பியை எடுத்தாள். கண்ணாடியின் வழுவழுப்பும் அதன் கழுத்தின் விளிம்பும் விரலுக்குத் தெரிந்தன. மருந்தைக் கலந்தாள். குழந்தையின் கையைப் பிடித்தாள். அது அவள் விரலைக் குனிந்து பார்த்தது, தள்ளிவிடவில்லை. ஊசி ஏறியபோது மட்டும் வீடு அதிர அழுதது.

"அழட்டும், அழட்டும்" என்றாள் பவளக்கொடி. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டவள், தரையில் கிடந்த கையுறைகளைத் தொட்டுப் பார்த்தாள். அவை ஆறிப்போயிருந்தன. அவற்றை எடுத்துக் குழந்தையின் வயிற்றுக்கும் தன் நெஞ்சுக்கும் நடுவே செருகிக்கொண்டாள். தமயந்தி பெட்டியை மூடி, தடுப்பூசி அட்டையில் எழுதிக் கொடுத்து, எழுந்திருக்கும் வரை அவை அங்கேயே இருந்தன.

"சால்வை இருக்கட்டும். இறங்கும்போது குடுங்க" என்று சொல்லிக் கையுறைகளை நீட்டினாள்.

விரல்கள் உள்ளே நுழைந்ததும் வியந்துபோயின.

"இது நம்முடைய சூடு இல்லையே" என்றது ஆட்காட்டி விரல். "நாங்கள் வருவதற்கு முன்பே உள்ளே இருக்கிறதே. யாருடையது?"

"அந்த வீட்டுப் பெண்ணுடையது" என்றது கம்பளி. "குழந்தையுடையதும் கொஞ்சம் இருக்கும். என்னிடம் கொடுத்தாள். கொண்டுவந்தேன்."

குளிர்ப்பெட்டி தோளில் ஏறிக்கொண்டே இதைக் கேட்டது.

அந்தப் புண் முழுவதும் ஆறப் பங்குனி ஆயிற்று. நுனியை வெட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. ஆற ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அன்று அங்கிருந்து கிளம்பிய தமயந்தி அடுத்த வீட்டின் முன் போய் நின்றாள். கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த பெண்ணிடம் ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், "அடுப்பு எரியுதாம்மா? கொஞ்சம் உட்கார்ந்துக்கவா?" என்று கேட்டாள்.